போனை கேட்டில் கொடுத்துவிட்டு வாங்க: நட்பு வாடாமல் இருக்க 17 குறிப்புகள்

சிவகாசிக்குப் பக்கத்தில் எங்கள் எம். புதுப்பட்டியில் 'ஆபீஸுக்குப் போறேன்' என்றால் பட்டாசு ஆபீஸ், இல்லாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். பட்டாசு ஆபீஸ் கேட்டில் போனை அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். தீப்பெட்டி, பீடி, போன், உராய்ந்தால் மின்பொறி தட்டும் நைலான் சேலை எல்லாமே அங்கே ஒரே கணக்கு. ஆகவே பகல் முழுக்க முகம் பார்த்துப் பேச்சு, பொழுது சாய்ந்ததும் வாட்ஸ்அப். தினமும் இரண்டையும் அடுத்தடுத்து பழகுவதால் எது எதற்கு ஆகும் என்று எங்களுக்குக் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. நாள் குறிக்கவும் தகவல் சொல்லவும் போன் போதும். மனசு விட்டுப் பேச ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நேரில் பார்க்கும்போது

1. 'ஒருநாள் பார்ப்போம்' என்று பேச்சை முடிக்காதீர்கள். அந்த ஒருநாள் காலண்டரில் கிடையாது. கிழமை, மணி, இடம் மூன்றையும் சொல்லி முடியுங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. 'ஞாயித்துக்கிழமை 4 மணிக்கு எங்க வீட்டு மாடியில' என்று சொன்னால் ஆள் வந்துவிடும்.

2. குறித்த நாளைச் சுவர்க் காலண்டரில் எழுதுங்கள். ஆடி 18 அன்று பூஜை போட்டு, அடுத்த வருஷக் காலண்டருக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். அப்படி வருகிற மாதக் காலண்டரில் பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதுகிறோம் அல்லவா? அதே கட்டத்தில் 'மதினி வீடு' என்று எழுதிவிடுங்கள். போனில் வைத்த நினைவூட்டலை ஒரு தட்டில் தள்ளிவிடலாம். சுவரில் இருப்பதை வீடே பார்த்து, 'இன்னைக்குப் போகலையா?' என்று கேட்கும்.

3. வாசல் பக்கம் ஒரு தூக்குவாளியோ மஞ்சப்பையோ வையுங்கள். வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டு உட்காரட்டும். வீட்டுக்காரர் முதலில் தன் போனைப் போட வேண்டும், இல்லாவிட்டால் வந்தவருக்குச் சங்கடம். மணிச் சத்தத்தை அணைக்க வேண்டாம். அவசரமாக யாராவது கூப்பிட்டால் காதில் விழும், சும்மா வரும் மெசேஜை எடுத்துப் பார்க்கத் தோன்றாது.

4. கைக்கு ஒரு வேலை கொடுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து 'அப்புறம்?' 'நீதான் சொல்லணும்' என்று இழுப்பதைவிட, நடுவில் ஒரு முறம் முருங்கைக்கீரையைக் கொட்டி ஆளுக்கொரு பக்கம் உருவத் தொடங்கினால் பேச்சு தானாக வரும். பூண்டு உரிக்கலாம், புளி கொட்டை எடுக்கலாம். கண் கீரையில் இருக்கும்போது, முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசுகிற விஷயம்கூட வெளியே வந்துவிடும்.

5. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பட்டாசு மருந்து புழங்கும் அறையில் அரட்டை கூடாது. அங்கே 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பதே, ஒன்று ஆனால் பலர் சிக்கக் கூடாது என்பதால்தான். மருந்து உராய்விலேயே பற்றும். சிரிப்பில் கை தவறினால் போதும். சொல்ல வேண்டியதை மதியச் சாப்பாட்டுக்கு வேப்பமரத்தடிக்கு வரும்வரை அடக்கி வையுங்கள்.

6. அந்தச் சாப்பாட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிதாக அறிமுகமானவர் ஓரளவு பழக்கமான நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நல்ல நண்பராக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. சேர்ந்து வேலை பார்த்த நேரம் இதில் அவ்வளவாகச் சேராதாம். தினம் அரை மணி நேரம் சேர்ந்து சாப்பிட்டால், 200 மணி நேரத்துக்கு 400 வேலைநாள் ஆகிறது. ஒரு வருஷத்துக்கும் மேல் டிபன் பாக்ஸில் கூட்டு மாற்றிக்கொண்டவர்களை வேலை மாறியதும் விட்டுவிடாதீர்கள்.

7. வருகிறவர்களுக்கு விருந்து வைக்காதீர்கள். சுக்குமல்லிக் காப்பி, சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம், அவ்வளவு போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தவர் இருந்தால் பால்கோவா தானாக வரும். அடுப்படியில் நிற்கிறவருக்குப் பேச்சு பாதிதான் கேட்கும். இந்த வாரம் நீங்கள் பிரியாணி போட்டால் அடுத்த வாரம் அவர் என்ன போடுவது என்று யோசித்தே கூப்பிடாமல் இருந்துவிடுவார்.

8. திண்ணை இல்லாத வீடென்றால் நாற்காலியை வெளியே போடுங்கள். புது வீடுகளில் திண்ணை இருந்த இடத்தில் இரும்பு கேட்டும் பைக்கும் நிற்கின்றன. சாயங்காலம் 6 மணிக்கு வாசலில் தண்ணீர் தெளித்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பாருங்கள். ஒன்றில் நீங்கள் உட்காருங்கள், மற்றதைக் காலியாக விடுங்கள். போகிற வருகிற யாராவது ஒருவர் உட்காருவார். வீட்டில் வயதான அம்மா, அத்தை இருந்தால் இது மிக அவசியம். அவர்கள் தோழிகளிடம் வாட்ஸ்அப் இருக்காது.

9. தீபாவளி முடிந்ததும் ஊர் ஓயும் வாரங்களைப் பயன்படுத்துங்கள். மாதக்கணக்கில் ஓவர்டைம் பார்த்து ஓய்ந்த கைகளுக்கு அப்போதுதான் விடுப்பு. இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குச் சேர்ந்து போய்வர இதைவிட நல்ல காலம் இல்லை. பழைய கூட்டாளிகளைச் சேர்க்கக் கல்யாண வீட்டை நம்பாதீர்கள். மொய் எழுதி, பந்தியில் இடம் பிடித்து, பஸ்ஸுக்கு ஓடவே நேரம் சரியாக இருக்கும்.

போனில் பேசும்போது

10. கோபத்தை எழுத்தில் அனுப்பாதீர்கள், எழுத்தில் வந்ததைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளவும் செய்யாதீர்கள். 'பங்குனிப் பொங்கலுக்கு வர முடியல' என்று ஒரு தோழிக்கு மெசேஜ் போட்டேன். 'சரி' என்று ஒற்றைச் சொல் வந்தது. முறுக்கிக்கொண்டாள் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். மூன்று மாதம் போனது. ரேஷன் கடை வரிசையில் பார்த்தபோது, 'மாவு அரைச்சுக்கிட்டு இருந்தேன் மதினி, கையெல்லாம் மாவு, அதுக்கு மேல அடிக்க முடியல' என்கிறாள். நேரில் என்றால் மாவுக் கையைப் பார்த்திருப்பேன். சந்தேகம் வந்தால் அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். அனுப்பியதை எல்லோருக்கும் அழிக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்குச் சற்று மேல் உண்டுதான், ஆனால் படித்தவர் மனசிலிருந்து அது அழியாது.

11. குரல் பதிவு அனுப்பினால் ஒரு நிமிஷத்தில் முடியுங்கள். முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், நலம் விசாரிப்பு பிறகு வரட்டும். எழுதப் படிக்கச் சிரமப்படும் அக்காமாருக்குக் குரல் பதிவு பெரிய வரப்பிரசாதம். அவர்களுக்கு நீளமாகத் தட்டச்சு செய்து அனுப்பினால் இன்னொருவரிடம் படித்துக்காட்டச் சொல்லுவார்கள், ரகசியம் ஊருக்குப் போய்விடும். வந்த பதிவை பஸ்ஸில் ஸ்பீக்கரில் போடாதீர்கள். அதுவும் ஊருக்குப் போகும்.

12. தினம் ரோஜாப்பூ படத்தில் 'காலை வணக்கம்' அனுப்புவதை நிறுத்திவிட்டு, வாரம் ஒருவரை 10 நிமிஷம் கூப்பிடுங்கள். பழைய நண்பரைத் திடீரென்று கூப்பிட்டால் தர்மசங்கடமாக இருக்கும் என்று தோன்றும். அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2021-ல் எழுதினார்கள். மக்கள் பயந்த அளவுக்குச் சங்கடம் வரவில்லை, எழுத்தில் பேசியவர்களைவிடக் குரலில் பேசியவர்களுக்கே நெருக்கம் கூடியது. படுக்கையில் கிடப்பவர், கைக்குழந்தைக்காரி, இரவு வேலைக்காரர் போன்றவர்களை 'நேரில் வா' என்று நெருக்காதீர்கள். அவர்களுக்கு அந்த 10 நிமிஷம்தான் திண்ணை.

13. வெளிநாட்டுத் தோழிக்கு நேரம் பார்த்துப் பேசுங்கள். நமக்கு இரவு 9 மணி என்றால் துபாயில் 7.30, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 11.30. துபாயில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால் குரல் பதிவே கைகொடுக்கும். வீடியோவில் பேசக் கூடிய நாடு என்றால் உங்கள் முகத்தையே காட்டிக்கொண்டிருக்காதீர்கள். கேமராவைத் திருப்பி, மாடியில் காயும் வத்தலையும் தெருமுனை டீக்கடையையும் காட்டுங்கள். அவர்கள் ஏங்குவது அதற்குத்தான்.

14. பெரிய குரூப் அறிவிப்புக்கு, சின்ன குரூப் பேச்சுக்கு. வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம். அத்தனை பேர் நடுவில் யாரும் மனசைத் திறப்பதில்லை. பள்ளிக்கூட செட் குரூப்பை ஒலியில்லாமல் போட்டுவிட்டு, நெருக்கமான நாலைந்து பேரைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டாத குரூப்பிலிருந்து விலகினால் இப்போது அட்மினுக்கு மட்டுமே அறிவிப்பு போகும், ஆகவே தயங்காதீர்கள்.

15. பணப் பேச்சை நேரில் பேசி, போனில் பதியுங்கள். கைமாற்று, ஏலச்சீட்டு, மகளிர் குழுத் தவணை எதுவானாலும் முகம் பார்த்து முடிவு செய்யுங்கள். அன்று இரவே 'இன்று 5,000 வாங்கினேன், தை 1-ல் தருகிறேன்' என்று ஒரு வரி மெசேஜ் போட்டுவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது. 'அவசரம், பணம் அனுப்பு' என்று தோழி பெயரில் மெசேஜ் வந்தால் அனுப்பாதீர்கள். கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். போனுக்கு வரும் 6 இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் பேசுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய நேரங்கள்

16. 'டமார்' என்று சத்தம் கேட்டால் போனை எப்படிப் பிடிப்பது என்று இப்போதே வீட்டில் பேசி வையுங்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்குத் தெரு முழுக்க மாடியேறி, எந்தத் திசையில் புகை என்று பார்க்கும். அடுத்த நிமிஷம் குரூப்பில் ஊகங்கள் கொட்டும். ஆபீஸ் பெயரை ஊகித்துப் போடாதீர்கள். அடிபட்டவர் படத்தை அனுப்பவே கூடாது, அவருடைய பிள்ளை அதே குரூப்பில் இருக்கலாம். வேலைக்குப் போனவர் போன் கேட்டில் அணைந்து கிடக்கும், எடுக்கவில்லை என்று பதறாதீர்கள். இதற்காகவே ஆபீஸ் நம்பரையோ போர்மேன் நம்பரையோ முன்கூட்டியே வீட்டில் எழுதி வையுங்கள். பத்திரமாக இருப்பவர், 'நான் நல்லா இருக்கேன், இன்ன இடத்துல நிக்கிறேன்' என்று ஒரே வரி போட்டால் போதும். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

துக்கம் நடந்துவிட்டால் கைகூப்பிய படம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். துக்க வீட்டிலிருந்து அழைப்பு வராது, கேள்விப்பட்டால் போக வேண்டியதுதான். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும், எழுந்து வரும்போதும் சொல்லிக்கொள்ளாமல் வருவதுதானே வழக்கம். முக்கியமாக, காரியம் முடிந்து சொந்தம் எல்லாம் ஊர் திரும்பிய மறுவாரம் ஒருமுறை போங்கள். வீடு வெறிச்சென்று இருப்பது அப்போதுதான்.

17. கடைசியாக, கேட்டில் திரும்ப வாங்கிய போனை உடனே திறக்காதீர்கள். சாயங்காலம் எங்கள் ஆபீஸ் வண்டியில் இதைப் பார்க்கலாம். மதியம் வரை வாய் ஓயாமல் பேசியவர்கள், போன் கைக்கு வந்ததும் வரிசையாகக் குனிந்துகொள்வார்கள். கையில் அலுமினியப் பொடி ஒட்டியிருக்கும், திரையில் வெள்ளியாகப் பதியும். வீட்டுக்கு 'கிளம்பிட்டேன்' என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பைக்குள் போட்டுவிடுங்கள். முதல் நிறுத்தத்தில் இறங்குகிறவள், காலையில் பாதியில் விட்ட கதையை மிச்சம் வைத்திருப்பாள். அவள் இறங்கும்வரை கேளுங்கள். மெசேஜ் எல்லாம் இரவு வரை அங்கேயே இருக்கும்.