ஓர் ஊருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல்?

பினாங்குத் தீவில் கெக் லோக் சி கோயிலும், கொடிமலை ரயிலின் அடிவார நிலையமும் உள்ள ஊர் ஆயர் ஈத்தாம். மலாய் மொழியில் 'ஆயர்' என்றால் நீர். 'ஹித்தாம்' என்றால் கறுப்பு. இந்தப் பெயரைத் தமிழில் ஆயர் ஈத்தாம், ஆயர் இத்தாம், ஆயர் ஹீத்தாம், அயர் ஹித்தாம் என்று பலவாறு எழுதலாம். படிப்பவருக்கு எல்லாம் ஒரே ஊர்தான். கணினிக்கு அவை நான்கு வெவ்வேறு பெயர்கள்.

ஏன் இப்படி? விக்கியின் தேடுபொறி ஒவ்வொரு முறையும் எல்லாப் பக்கங்களையும் படிப்பதில்லை. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும். புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவு போன்றது அது. நாம் தேடும் எழுத்துக்கூட்டல் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் பக்கம் அகப்படாது. "தமிழில் ஒன்றும் இல்லை" என்று மாணவர் ஆங்கிலப் பக்கத்துக்குப் போய்விடுவார். அல்லது அதே கட்டுரையை இன்னொருவர் மறுபடியும் எழுதுவார். உழைத்து எழுதியது இருந்தும் இல்லாததாகிவிடும்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கு வழிகள் உண்டு.

முதலாவது, வழிமாற்று. 'ஆயர் இத்தாம்' என்ற பெயரில் ஒரு பக்கம் திறந்து, #வழிமாற்று [[ஆயர் ஈத்தாம்]] என்று ஒரே வரி எழுதினால் போதும். அந்தப் பெயரில் தேடுபவர் நேரே சரியான கட்டுரைக்கு வந்துவிடுவார்.

இரண்டாவது, பக்கவழி நெறிப்படுத்துதல். ஜொகூரிலும் ஆயர் ஹீத்தாம் என்ற ஊர் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டும் பக்கம் இல்லாவிட்டால் பினாங்கைத் தேடியவர் ஜொகூருக்குப் போய்விடுவார்.

மூன்றாவது, முதல் பத்தி. மாற்றுப் பெயர்கள், மாநிலம், ஊரின் அடையாளங்கள் ஆகியவற்றை அங்கேயே இயல்பான வாக்கியங்களில் எழுத வேண்டும். மக்கள் தேடும் சொற்கள் அவைதான். ஆனால் சொற்களை வெறுமனே அடுக்கிப் பயனில்லை. பக்கத்தின் உள்ளே மறைத்து வைக்கும் குறிச்சொல் பட்டியலைத் தன் இணையத் தேடலின் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

தேடுபவருக்கும் ஓர் உத்தி உண்டு. தமிழில் வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் கடைசி மாறும்: பினாங்கு, பினாங்கில், பினாங்கிலிருந்து. கணினியில் உயிர்க்குறி மெய்யெழுத்துக்குப் பின்னால் தனியாகப் பதிவாகிறது. ஆகவே 'பினாங்க*' என்று உடுக்குறியோடு தேடினால் இம்மூன்றும் கிடைக்கும். 'பினாங்கு*' என்று கொடுத்தால் 'பினாங்கில்' விடுபடும். அதில் உகரக்குறி இல்லை.

பயிற்சி: உங்கள் ஊர்ப் பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றையும் விக்கிப்பீடியாவில் தேடிப் பாருங்கள். அகப்படாத பெயருக்கு ஒரு வழிமாற்று எழுதுங்கள். அடுத்து தேடி வருபவருக்கு அந்த ஒரு வரி உதவும்.