மீனுக்கு ஏற்ற செடி எது?

மும்பையில் தாராவி. அங்கே ஒரே அறை உள்ள ஒரு சிறிய வீடு. அம்மா தையல் வேலை செய்கிறாள். மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான்.

ஒரு நாள் மகன் ஒரு மீன் வாங்கி வந்தான். நீல நிற மீன். அதன் வாலும் துடுப்பும் பட்டுத் துணி போல விரிந்திருந்தன. அதன் பெயர் பெட்டா. சண்டை மீன் என்றும் சொல்வார்கள். இரண்டு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றை ஒன்று கடித்துக் குதறிவிடும். அதனால் ஒரு தொட்டிக்கு ஒரு ஆண் மீன்தான்.

கடைக்காரர் மூன்று செடிகளும் கொடுத்திருந்தார். ஒன்றில் சிவப்பு இலை. மற்ற இரண்டிலும் வெள்ளைக் கோடு போட்ட இலை. தொட்டி அழகாக இருந்தது. பத்து நாளில் இலைகள் கொழகொழவென்று ஆயின. தண்ணீர் நாறியது. பன்னிரண்டாம் நாள் காலையில் மீன் செத்து மிதந்தது. அன்று மகன் சாப்பிடவே இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி பல வருடமாக மீன் வளர்ப்பவர். அவர் வந்து செடியை எடுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, இது தண்ணிச் செடியே இல்லையே! தரையில வளர்ற செடி. தண்ணிக்குள்ள முக்கி வெச்சா அழுகத்தானே செய்யும்?"

"கடையில தண்ணிக்குள்ளதானே வெச்சிருந்தாங்க, அண்ணாச்சி?"

"விக்கிற வரைக்கும் அழுகாதும்மா. அதான் விஷயம்."

அழுகும் இலையிலிருந்து அம்மோனியா என்ற பொருள் தண்ணீரில் கலக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் அது வருகிறது. மீனுக்கு அது விஷம். பெரிய குளத்தில் அது கரைந்து போகும். சிறிய தொட்டியில் தண்ணீர் குறைவு. விஷம் சீக்கிரம் ஏறிவிடும். ஆனால் உயிரோடு வளரும் நீர்ச்செடி அதே அம்மோனியாவைத் தனக்கு உணவாக எடுத்துக்கொள்கிறது. நல்ல செடி தண்ணீரைக் காக்கும். தவறான செடி தண்ணீரைக் கெடுக்கும்.

பெட்டா தாய்லாந்துப் பக்கத்து மீன். நெல் வயல்களிலும் ஆழம் குறைந்த சதுப்பு நிலங்களிலும் புல் பூண்டுகளுக்கு நடுவே வாழ்வது. 2019-ஆம் ஆண்டு தாய்லாந்து அரசு இதைத் தன் நாட்டின் நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இந்த மீன் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். களைத்தால் இலை மேல் படுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் செடியின் கூரான முனை பட்டால் அதன் துடுப்பு கிழிந்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிராஃபோர்ட் மார்க்கெட் போனார்கள். அண்ணாச்சி இரண்டு செடிகளைக் காட்டினார். ஒன்று அனுபியாஸ். ஆப்பிரிக்காவில் ஓடைக் கரையில் வளர்வது. தடித்த, அகன்ற இலை. மற்றொன்று ஜாவா ஃபெர்ன். நீண்ட இலை. இரண்டுக்கும் குறைந்த வெளிச்சம் போதும். உரம் அதிகம் வேண்டாம். மெதுவாகத்தான் வளரும். விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் அழுகிப் போகும் மூன்று செடியை விட இது லாபம்.

இவற்றை நடுவதில் ஒரு முறை உண்டு. இஞ்சி போலப் படுத்த தண்டு ஒன்று இருக்கும். அதை மணலில் புதைக்கக் கூடாது. புதைத்தால் அழுகும். ஒரு கல்லின் மேல் வைத்து நூலால் கட்ட வேண்டும். அம்மா தன் தையல் நூலை எடுத்தாள். பருத்தி நூல். வேர் கல்லைப் பிடித்த பிறகு நூல் மக்கினாலும் கவலை இல்லை.

ஹைட்ரில்லாவும் ஒரு கொத்து வாங்கினார்கள். அது வேகமாக வளரும். அதனால் கழிவையும் அதிகம் இழுத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை வெட்ட வேண்டும். மிதக்கும் செடியும் போடலாம். ஆனால் தண்ணீரின் மேல்பரப்பில் பாதியாவது திறந்திருக்க வேண்டும். மூடிவிட்டால் மீன் காற்றுக் குடிக்க எங்கே வரும்?

வெட்டிய செடியை மகன் சாக்கடையில் போடப் போனான். அண்ணாச்சி தடுத்தார். சாக்கடைத் தண்ணீர் மித்தி ஆற்றுக்குப் போகிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த சால்வினியா என்ற மிதக்கும் செடி கேரளத்தில் எத்தனையோ நீர்நிலைகளை மூடிவிட்டது. வெங்காயத் தாமரையும் அப்படி வந்ததுதான். வெட்டிய செடியை வெயிலில் நன்றாகக் காய வைத்துக் குப்பையில் போட வேண்டும்.

புதுச் செடியை ஒரு வாரம் தனி வாளியில் வைத்தார்கள். நத்தைகள் இருந்தால் தெரிந்துவிடும். பிறகு தொட்டியில் வைத்தார்கள். இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் புது மீன் வந்தது. மகனுக்குப் பொறுக்கவில்லை. தினமும் கேட்டான். அம்மா மசியவில்லை. ஒரு மீன் செத்தது போதாதா?

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றினாள். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றினாள். தொட்டியை ஜன்னல் வெயிலில் வைக்கவில்லை. வெயில் பட்டால் பாசி படரும், தண்ணீரும் சூடாகும். தையல் மெஷினுக்கு மேலே எரியும் டியூப் லைட்டே செடிக்குப் போதுமானதாக இருந்தது.

தொட்டியும் மாறியது. பழைய தொட்டியை அம்மா தன் தையல் டேப்பால் அளந்தாள். நீளம் 20 சென்டிமீட்டர். அகலம் 15. உயரம் 20. மூன்றையும் பெருக்கினால் 6000. அதை 1000-ஆல் வகுத்தால் 6 லிட்டர். அண்ணாச்சி கொடுத்த தொட்டி நீளம் 40, அகலம் 25, உயரம் 20. அது 20 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் கூடினால் விஷம் ஏறும் வேகம் குறையும்.

ஒரு மாதம் கழித்து அனுபியாஸில் ஒரு இலை புதிதாகச் சுருள் விரித்தது. இரவில் மீன் அதன் பக்கத்து இலையில் படுத்துத் தூங்குகிறது. அம்மா மெஷினை நிறுத்திவிட்டு லைட்டை அணைக்கும்போது அதை ஒரு முறை பார்த்துக்கொள்கிறாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு தொட்டியின் நீளம் 50 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 30. அதில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும்?