அகலமும் விரைவும்

நம் இல்லங்களுக்கு வரும் இணைய இணைப்பினை ‘அகலப்பட்டை’ என வழங்குகின்றனர். ‘பிராட்பேண்ட்’ என்னும் சொல்லுக்கு நேரான மொழிபெயர்ப்பு அது. மாணவர்களே, இப்பெயரைச் சற்றே உற்று நோக்குங்கள். இது பாதையின் அகலத்தைக் கூறுகின்றதேயன்றி, அதிற் செல்வதன் விரைவைக் கூறவில்லை. பெயரிட்டோர் பொருளறிந்தே இட்டனர். விலைகொடுத்து வாங்கும் நாமோ அகலத்தையே விரைவு எனக் கொண்டு மயங்குகின்றோம். ‘100 மெகாபிட் வேகம்’ என்று விளம்பரம் கூறுவது, ஒரு விநாடியில் பத்துக் கோடி பிட் செல்வதற்கு அப்பாதையில் இடமுண்டு என்பதையே ஆகும். ஒரு செய்தி புறப்பட்டுச் சென்று, அதற்குரிய மறுமொழி மீண்டு வருவதற்கு எத்துணை நேரம் ஆகும் என்பது வேறு செய்தி. நூறு வண்டிகள் அருகருகே செல்லத்தக்க பெருஞ்சாலை அமைத்துக் கொடுத்தாலும், மாட்டுவண்டி மாட்டின் நடையிலேதான் செல்லும்.

இவ்வேற்றுமையை நான் நூலைப் படித்து அறியவில்லை. நானே செய்த ஒரு பிழையால் அறிந்தேன். 2020-ஆம் ஆண்டில், கொரோனாத் தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில், என் பெயர்த்திக்கு ஒரு மாலை இணையவழியே வாய்மொழித் தேர்வு நடைபெற்றது. மனப்பாடச் செய்யுள் முழுவதும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆயினும் ஆசிரியை வினவியதற்கு அவள் கூறிய விடை, இரண்டு விநாடி கடந்து, அதுவும் துண்டு துண்டாக அவரைச் சென்றடைந்தது. அவர் அடுத்த வினாவைத் தொடங்கும்போது முன்னை வினாவின் விடை அவர் செவியில் விழுந்தது. பாடம் வரவில்லை போலும் என்று எண்ணி அவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். கண்ணீருடன் எழுந்து வந்த குழந்தையை, “நன்கு படித்திருந்தால் தடுமாற்றம் ஏன்?” என்று நானும் கடிந்துகொண்டேன். அதே வேளையில் அடுத்த அறையில் அமர்ந்து, பழைய உரைநூல் ஒன்றின் பக்கங்களைப் படமெடுத்து, முந்நூறு படங்களை ஒருசேர நண்பர் ஒருவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன் யார் எனின், நானேதான்.

பொறியியல் பயிலும் என் பெயரன் அன்றிரவு ஏதேதோ அளந்து பார்த்துவிட்டு, “தாத்தா, அவளுடைய குரல் உங்கள் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறது” என்றான். ‘வரிசை’ என்று அவன் கூறிய அச்சொல்லை விளங்கிக்கொண்டால், இணைப்பைத் திருத்தும் வழி முழுவதும் விளங்கிவிடும்.

இணையத்தில் எச்செய்தியும் முழுமையாகச் செல்வதில்லை. படமாயினும் குரலாயினும் அது சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே செல்லும். ஒரு பொதி பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படாது. எட்டுப் பிட் கொண்டது ஒரு பைட் என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்பொதியிலும் 40 பைட் முகவரி முதலியவற்றுக்குப் போக, எஞ்சிய 1,460 பைட்டே செய்திக்கு உரியது. பதிவு அஞ்சலுக்கு ஒப்புகை அட்டை வருவது போல, பெற்றுக்கொண்டவர் பெற்றதற்கு ஒப்புகை அனுப்புவார். ஒப்புகை வாராவிடின், அனுப்பியவர் அப்பொதியை மீண்டும் அனுப்புவார். இந்த ஒழுங்குக்கு ‘டி.சி.பி.’ என்று பெயர். அமெரிக்க நாட்டின் ‘அர்ப்பாநெட்’ என்னும் வலையமைப்பு 1983-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இவ்வொழுங்கிற்கு மாறியது.

ஒவ்வொரு பொதிக்கும் ஒப்புகை வந்த பிறகே அடுத்ததை அனுப்புவது என்றால் நாள் முழுதும் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே, ஒப்புகை வருவதற்கு முன்பே இவ்வளவு அனுப்பலாம் என்று ஓர் அளவு வைத்தனர். அதனைச் ‘சாளரம்’ என்பர். தொடக்கத்தில் அவ்வளவைக் குறிப்பதற்குப் பதினாறு பிட் இடமே ஒதுக்கப்பட்டிருந்தமையால், சாளரம் 65,535 பைட்டுக்கு மேல் விரிய இயலாது. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து அமெரிக்காவின் மேலைக் கடற்கரைக்குச் செய்தி சென்று மீள ஏறத்தாழக் கால் விநாடி ஆகும். கால் விநாடிக்கு ஒரு சாளர அளவு செல்லுமாயின், ஒரு விநாடியில் செல்வது 2,62,140 பைட். அஃதாவது, ஏறத்தாழ 21 இலட்சம் பிட். வீட்டிலுள்ள இணைப்பு பத்துக் கோடி பிட் கொள்ளத்தக்கதாயினும், அதன் ஐம்பதில் ஒரு பங்கே பயன்படும். எஞ்சிய அகலம் வெறுமனே கிடக்கும்.

இக்குறையை நீக்கச் சாளரத்தைப் பன்மடங்கு விரிக்கும் விதியொன்று 1992-இல் வகுக்கப்பட்டது. ஆயினும் பல கணிப்பொறிகள் அதனைத் தாமாகக் கைக்கொள்ளவில்லை. ‘விண்டோஸ் எக்ஸ்பி’ வழங்கிய காலத்தில் அறிந்தவர்கள் கணிப்பொறியின் உள்ளமைப்பைத் திறந்து, சாளர அளவைத் தம் கையாலேயே மாற்றி விரைவு கண்டனர். அது மெய்யான விரைவே. 2007-இல் பொதுமக்களுக்கு வெளியான ‘விண்டோஸ் விஸ்டா’ முதற்கொண்டு கணிப்பொறி தானே அவ்வளவைப் பார்த்து அமைத்துக்கொள்கிறது. இஃதறியாது, ‘ஒரு பொத்தானை அழுத்துக, இணையம் பறக்கும்’ என்று கூறும் செயலிகளை இன்றும் நாடுவோர் உளர். நோய் நீங்கிய பிறகும் மருந்துண்பாரை ஒப்பர் அவர். சில வேளை அம்மருந்தே நோயாவதும் உண்டு.

இனி, வரிசையின் கதைக்கு வருவோம். 1986-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அமெரிக்க நாட்டில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அதனை அடுத்துள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலிருந்த இணைப்பு திடீரெனத் தளர்ந்தது. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு நானூறு கெஜம். விநாடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த பாதையில் 40 பிட் மட்டுமே சென்றது. நடந்துபோய்க் கையிற் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்! கம்பி அறுந்ததோ எனின், இல்லை. பொறி பழுதோ எனின், அதுவும் இல்லை. பாதையில் பொதிகள் மிகுந்தமையால் ஒப்புகை வரத் தாமதமாயிற்று. ஒப்புகை வாராமையால் ஒவ்வொருவரும் பொதியை மீண்டும் அனுப்பினர். அதனால் நெரிசல் முன்னினும் மிகுந்தது. ஒவ்வொருவரும் தமக்கு விரைவு வேண்டிச் செய்ததே அனைவர்க்கும் விரைவின்மையாய் முடிந்தது.

வான் ஜேக்கப்சன் என்னும் ஆய்வாளர் மைக்கேல் கேரல்சு என்பவருடன் இதனை ஆராய்ந்தார். 1988-இல் தம் முடிவை வெளியிட்டார். அவர் கண்ட வழி எளியது. தொடங்கும்போது சிறிதளவே அனுப்புக. ஒப்புகை ஒழுங்காக வருமாயின் அளவை உயர்த்துக. ஒரு பொதி தொலைந்து போயிற்று என அறிந்தால், பாதை நிரம்பிவிட்டது என்று கொண்டு அளவைச் சட்டெனக் குறைத்து, பின்னர் மெல்ல மெல்ல ஏறுக. இங்கு ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். பொதி தொலைவது இம்முறையில் வெறும் இழப்பன்று. ‘பொறுத்து வா’ என்று பாதை சொல்லும் சொல் அது. அச்சொல் உரிய காலத்தில் செவிக்கு எட்டினால்தான் அனுப்புவோன் தன்னை அடக்கிக்கொள்வான்.

அச்சொல்லை எட்டவொட்டாது தடுத்தவர்கள், நன்மை செய்வதாக எண்ணியவர்களே. மோடம், ரூட்டர் முதலிய கருவிகளில் பொதிகள் சற்றே தங்கிச் செல்வதற்கு ஒரு தேக்கிடம் உண்டு. அது சிறிதளவு வேண்டுவதே. நினைவகத்தின் விலை வீழ்ந்தபோது, ‘ஒரு பொதியும் தொலையலாகாது’ என்று கருதித் தேக்கிடத்தைப் பெரிது பெரிதாக அமைத்தனர். பொதி தொலையாமையால் அனுப்பும் கணிப்பொறிக்கு அறிவிப்பு இல்லை. அறிவிப்பு இன்மையால் அது மேன்மேலும் அனுப்பித் தேக்கிடத்தை நிரப்பிற்று. எங்கள் இல்லத்து இணைப்பு அந்நாளில் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. வெளியே செல்லும் பாதைக்கு விநாடிக்குப் பத்து இலட்சம் பிட். அஃதாவது 1,25,000 பைட். தேக்கிடத்தில் 2,50,000 பைட் நிரம்பி நின்றால், புதிதாக வரும் பொதி இரண்டு விநாடி நின்றே ஆகவேண்டும். என் பெயர்த்தியின் குரல் தாழ்ந்த இரண்டு விநாடி அதுவே. உரையாடல் இயல்பாக அமைய ஒரு வழிக்கு 150 மில்லிவிநாடிக்கு மேல் தாமதம் ஆகலாகாது என்பது தொலைபேசித் துறையினர் வகுத்த அளவு. ஆயிரம் மில்லிவிநாடி ஒரு விநாடி.

ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 2010-இல் தம் இல்லத்திலிருந்து பெருங்கோப்புகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தபோது இதே துன்பத்தை எய்தினார். ஏனையோரைப் போல் அலுத்துக்கொண்டு விட்டுவிடாமல் அளந்து பார்த்து, இதற்குப் ‘பஃபர் புளோட்’ என்று பெயரிட்டு உலகறியச் செய்தார். தேக்கிடத்தின் வீக்கம் என்பது அதன் பொருள்.

இவ்வீக்கத்தை அறியும் சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். கணிப்பொறியில் ‘பிங்’ என்றொரு கட்டளை உண்டு. அது சிறு பொதி ஒன்றை அனுப்பி, அது மீண்டு வரும் நேரத்தை மில்லிவிநாடியிற் காட்டும். வீட்டில் ஒருவரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது ஒருமுறை பாருங்கள். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பிக்கொண்டே மீண்டும் பாருங்கள். என் பெயரன் பார்த்தபோது முன்னது 40-க்கு உட்பட்டிருந்தது. பின்னது 2,000-ஐத் தொட்டது. இவ்விரண்டு எண்களும் அருகருகே இருக்குமாயின், வரிசையால் துன்பமில்லை என்று தெளியலாம். பெருத்த வேறுபாடு காணின், அதிக விலைக்கு அகன்ற இணைப்பு வாங்குவதற்கு முன் ரூட்டரின் அமைப்பைத் திறந்து பார்ப்பதே முறை.

அங்குச் செய்யவேண்டுவது கேட்பதற்கு வியப்பைத் தரும். விரைவு வேண்டுவோர் விரைவைச் சற்றே குறைக்க வேண்டும்! வரிசை எப்போதும் பாதையின் மிகக் குறுகிய இடத்திலேயே நிற்கும். எங்கள் வீட்டில் அது மோடத்தினுள் நின்றது; அங்கு நம் ஆணை செல்லாது. ஆகவே மோடம் அனுப்பத்தக்க அளவில் பத்தில் ஒன்பது பங்கே ரூட்டர் அனுப்பும்படி வரம்பிட்டால், குறுகிய இடம் ரூட்டர் ஆகிவிடும். வரிசையும் அங்கு வந்து நிற்கும். அங்கு நாம் அதனை ஒழுங்குபடுத்தலாம். உள்ளே வரும் பாதைக்கும் இவ்வாறே வரம்பிடுவர்.

ஒழுங்குபடுத்துவதும் இருவகை. பயணச்சீட்டுச் சாளரத்தில் திருமணக் கூட்டத்தார் முந்நூறு பேருக்கு ஒருவர் சீட்டு வாங்குகிறார். அவர் பின்னே ஒரே சீட்டுக்கு ஒரு கிழவி நிற்கிறாள். ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து மாற்றி மாற்றிச் சீட்டுக் கொடுத்தால் கிழவி உடனே ஏறிவிடுவாள். கூட்டத்தாருக்கும் பெருங்குறை இல்லை. இது முதல் வகை. மற்றொன்று, வரிசையின் நீளத்தை எண்ணாமல், நிற்போர் காத்திருந்த காலத்தை எண்ணுவது. அக்காலம் 5 மில்லிவிநாடியை விஞ்சி, 100 மில்லிவிநாடி வரையில் தொடர்ந்து குறையாதிருந்தால், ஒரு பொதியை வேண்டுமென்றே தொலைத்து, அனுப்புவோனுக்கு உரிய அறிவிப்பைக் கொடுக்கும். கேத்லீன் நிக்கோல்சு என்னும் அம்மையாரும், முன்பு கூறிய ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட இம்முறைக்குக் ‘கோடெல்’ என்று பெயர். இரண்டையும் இணைத்த முறை பல ரூட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் இப்போது உள்ளது; ‘எஸ்.கியூ.எம்.’ என்னும் தலைப்பின் கீழ்ப் பெரும்பாலும் காணப்படும். ஒளியிழை வழியாக வரும் புதிய இணைப்புகளில் வெளிச்செல்லும் பாதை அகன்றிருத்தலின் இத்துன்பம் குறைவு. அறவே இல்லை என்று கூறுதற்கில்லை.

வைஃபையைப் பற்றியும் ஒரு சொல். ரூட்டரை இரும்பலமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டு இணையம் மெதுவாக வருகிறது என்று புலம்புவோரை நான் கண்டிருக்கிறேன். அதனை வீட்டின் நடுவில், உயர்ந்த இடத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய தடங்களே ஒன்றையொன்று தீண்டாதவை. அண்டை வீட்டார் பயன்படுத்தாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடுக்களையின் மைக்ரோவேவ் அடுப்பும் அவ்வலைவரிசையிலேயே இயங்குவதால், அது எரியும்போது இணைப்புத் தளர்தல் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. ஆனால் சுவரைக் கடக்கும் ஆற்றல் குறைவு.

மறுநாள் ஆசிரியையிடம் தொலைபேசியில் நடந்ததைக் கூறினேன்; பிழை என்னுடையது என்பதையும் மறைக்கவில்லை. அவர் பெருந்தன்மையுடன் மீண்டும் ஒரு தேர்வு வைக்க இசைந்தார். அதற்குள் என் பெயரன் ரூட்டரில் ஒன்பது இலட்சம் பிட் என வரம்பிட்டு முடித்திருந்தான். தேர்வு நேரத்தில் நான் கணிப்பொறியை அணைக்கப் போனேன். அவன் தடுத்து, எஞ்சிய படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கச் சொன்னான். அடுத்த அறையில் செய்யுள் தங்குதடையின்றி ஒலித்தது. நாற்பது நிமிடத்தில் முடிந்திருக்கவேண்டிய என் படங்கள் போய்ச் சேர நான்கைந்து நிமிடம் மிகுதியாயிற்று.