கொன்றவன் அகப்படாவிட்டால்?

ஒருவர் கொலையுண்டார். கொன்றவன் யாரென்று துலங்கவில்லை. வாரிசுகளின் கதி என்ன? புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் வரும் ஒரு வழக்கை இதற்கு நாம் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அப்துல்லாஹ் பின் ஸஹ்ல் (ரலி), முஹய்யிஸா (ரலி) இருவரும் கைபர் சென்று, பேரீச்சந் தோப்புகளிடையே பிரிந்தார்கள். பின்னர் அப்துல்லாஹ் இரத்தத்தில் தோய்ந்து கிடக்கக் கண்ட முஹய்யிஸா, அவரை அடக்கம் செய்துவிட்டு மதீனா வந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் சமூகத்தில், கொலையுண்டவரின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) முதலில் பேசத் தொடங்கினார். வந்தவர்களில் அவரே இளையவர். மூத்தவர் பேசட்டும் என்று தடுத்தார்கள் நபியவர்கள். துக்கத்திலும் சபை மரியாதை!

கைபர் யூதர்கள்மீது சந்தேகம். ஐம்பது சத்தியம் செய்வீர்களா என்று கேட்கப்பட்டபோது, கண்ணால் காணாததற்குச் சத்தியம் எப்படி என்று இவர்கள் பின்வாங்கினார்கள். எதிர்த்தரப்பார் சத்தியம் செய்து விடுபடுவதையும் இவர்கள் ஏற்கவில்லை. வழக்கு அந்தரத்தில் நின்றது. ருசுவின்றி எவரையும் தண்டிக்க இயலாது. அதற்காக ஓர் உயிரின் இரத்தம் வீணாவதையும் நபியவர்கள் விரும்பவில்லை. நூறு ஒட்டகங்களைத் தியத்தாகத் தாமே கொடுத்தார்கள். ஸதகா ஒட்டகங்களிலிருந்து, அதாவது பொதுச் சொத்திலிருந்து கொடுத்ததாகவும் அறிவிப்பு உண்டு. அவற்றில் ஒன்று தம்மை உதைத்ததையும் அறிவிப்பாளர் ஸஹ்ல் பின் அபீ ஹஸ்மா (ரலி) சொல்லாமல் விடவில்லை!

"பிள்ளையின் இரத்தத்தை விற்றுத் தின்பதா?" என்று நம் தாய்மார்கள் சிலர் நஷ்டஈட்டை மறுக்கிறார்கள். அப்துல்லாஹ்வின் வாரிசுகள் பெற்றுக்கொண்டதை விற்பனை என்று யாரும் சொல்லவில்லையே!

நம் நாட்டுச் சட்டம் இவ்விடத்திற்கு வர வெகுகாலம் பிடித்தது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ பிரிவு சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 396-ஆம் பிரிவு. குற்றவாளி யாரென்று தெரியாமல், வழக்கு விசாரணையே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பி வாழ்ந்தவர்களோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் நஷ்டஈடு கோரி மனுச் செய்யலாம். அது 2 மாதங்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். காயம்பட்டவருக்கு அவசர வைத்தியம் தேவையானால், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் அல்லது மாஜிஸ்திரேட்டின் சான்றின் பேரில் இலவச சிகிச்சைக்கும் ஆணைக்குழு உத்தரவிடலாம். கொலைகாரன் பிடிபடட்டும் என்று மனுவைத் தள்ளிப் போட வேண்டியதில்லை.