மரந்தழுவிய மக்கள்: தசோலிச் சங்கத்தின் காடு காக்கும் பணி

'சிப்கோ' என்றதும் மரத்தைக் கட்டியணைத்து நிற்கும் மலைநாட்டு மகளிரின் படமே நம் மாணவர் நினைவுக்கு வருகிறது. பாடநூல்கள் பெரும்பாலும் அப்படத்தோடு நின்றுவிடுகின்றன. அம்மகளிர்க்குப் பின்னே சிற்றூர்க் கைத்தொழிற் சங்கம் ஒன்று பல்லாண்டுகள் பணியாற்றி வந்ததும், அச்சங்கம் தொடக்கத்தில் கேட்டது கலப்பையும் நுகத்தடியும் செய்யச் சில மரங்களை மட்டுமே என்பதும் மிகுதியாகப் பேசப்படுவதில்லை. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கத்தின் தோற்றம்

இமயமலைச் சாரலில், அலகநந்தை ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்தது சமோலி மாவட்டம். அந்நாளில் உத்தரப்பிரதேசத்தைச் சார்ந்திருந்த அது, 2000-ஆம் ஆண்டு முதல் உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ளது. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப்பின் எல்லையை நோக்கிச் சாலைகள் பெருகின. படைக்கென அமைத்த அச்சாலைகளின் வழியே மரக் குத்தகைதாரரும் மலையேறினர். காடு அரசுக்கு உரியது. வெட்டும் உரிமை ஏலம் எடுத்தவர்க்கு உரியது. விறகும் தழையும் தேடி நெடுந்தொலைவு நடக்கும் வேலை மட்டும் ஊர்ப் பெண்களுக்கு உரியதாயிற்று.

இந்நிலையில், போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் பயணச்சீட்டு எழுத்தராக இருந்த சண்டிபிரசாத் பட், சர்வோதய நெறியில் ஈடுபட்டுத் தம் தோழர்களுடன் 1964-ஆம் ஆண்டு கோபேசுவரத்தில் தசோலி கிராம சுயராஜ்ய சங்கத்தைத் தோற்றுவித்தார். உழவுக் கருவிகள் செய்தல், பைன் மரப் பிசினிலிருந்து கற்பூரத்தைலம் எடுத்தல் முதலியன அதன் தொழில்கள். உள்ளூர் இளைஞர்க்கு ஊரிலேயே வேலை தருவதுதான் சங்கத்தின் எண்ணம். சுற்றுச்சூழல் என்னும் சொல்லே அன்று அவர்கள் வாயில் இல்லை.

அச்சொல்லின் பொருளைக் கற்பித்தது வெள்ளம். 1970-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அலகநந்தை பெருக்கெடுத்துப் பாலங்களையும் வீடுகளையும் அடித்துச் சென்றது. துயர்துடைக்கச் சென்ற சங்கத்தார், மரம் வெட்டப்பட்ட சரிவுகளுக்கும் மண்சரிவுக்கும் உள்ள தொடர்பை நேரிற் கண்டு அறிக்கையாக எழுதினர்.

கலப்பையும் பந்தடி மட்டையும்

மலைமக்கள் 'அங்கு' என்றழைக்கும் மரம் எடை குறைந்தது, உறுதி மிக்கது. ஆதலின் கலப்பைக்கும் நுகத்துக்கும் அதுவே ஏற்றது. 1973-ஆம் ஆண்டு இம்மரங்கள் சிலவற்றைச் சங்கம் கேட்டபோது வனத்துறை மறுத்தது. பைன் மரத்திற் செய்துகொள்ளுமாறு கூறியது. சின்னாட்களில் அலகாபாத் நகரத்து விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு மண்டல் என்னும் ஊரின் காட்டிலிருந்து அதே மரங்கள் ஒதுக்கப்பட்டன. உழவனின் கலப்பைக்கு இல்லாத மரம் பந்தடி மட்டைக்கு இருந்தது! வெட்ட வருவோரைத் தடுக்க மரத்தைத் தழுவிக்கொள்வோம் என்ற முடிவு அப்போது பிறந்தது. 'சிப்கோ' என்னும் இந்திச் சொல்லுக்கு 'ஒட்டிக்கொள்' என்பது பொருள்.

ஏப்ரல் 24-ஆம் நாள் மண்டலில் மக்கள் முரசறைந்து திரண்டனர். நிறுவனத்தார் வெறுங்கையுடன் திரும்பினர். பின்னர் அரசு இறங்கி வந்தது. நிறுவனம் தன் பங்கை வெட்ட இசைந்தால் சங்கத்துக்கும் மரம் தருவதாகக் கூறி, எண்ணிக்கையைச் சிறிது சிறிதாக உயர்த்தி, முதலிற் கேட்ட அளவையே தர முன்வந்தது. சங்கம் ஏற்கவில்லை. இம்மறுப்பே இயக்கத்தின் உண்மையான திருப்பம் என்பது என் கருத்து. தமக்கு மரம் வேண்டும் என்ற கோரிக்கை, காடு யாருடையது என்ற வினாவாக இவ்விடத்தில்தான் மாறுகிறது.

இசுலாமிய வரலாறு கற்றோர்க்கு இவ்வினா புதிதன்று. பொதுநலனுக்காக ஒதுக்கிக் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலங்களுக்கு 'ஹிமா' என்று பெயர். அத்தகைய நிலமொன்றின் காவலரிடம், சிற்றளவே கால்நடை உடைய எளியோரை உள்ளே விடுமாறும், செல்வரின் மந்தைகளை விலக்குமாறும் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பணித்த செய்தி புகாரி நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. காவல் என்பது யாரைத் தடுப்பது, யாரை விடுவது என்னும் தெளிவையும் உள்ளடக்கியது.

இரேணி

1974-ஆம் ஆண்டு இரேணிக் காட்டில் ஏறத்தாழ 2,450 மரங்கள் ஏலம் விடப்பட்டன. மார்ச்சு 26-ஆம் நாள், படைக்கு எடுத்த நிலத்திற்கு இழப்பீடு பெற ஆடவர் சமோலிக்கு அழைக்கப்பட்டிருந்தனர். சங்கத்தாரும் கோபேசுவரத்தில் வனத்துறை உயர் அலுவலருடன் பேச்சில் இருத்தப்பட்டனர். அந்நேரம் பார்த்து வெட்டுநர் காட்டை நோக்கிச் சென்றனர். அதனைக் கண்ட சிறுமி ஒருத்தி ஓடிச்சென்று மகளிர் மன்றத் தலைவி கௌராதேவியிடம் கூறினாள்.

இளமையிலேயே கைம்மை எய்திய கௌராதேவி, சமைத்துக்கொண்டிருந்த பெண்களையும் சிறுமியரையும் அழைத்துச் சென்றார். அவர்கள் 27 பேர். காடு எங்கள் பிறந்தகம். அதனை அழித்தால் மலை சரிந்து எங்கள் வீடுகளின்மேல் விழும் என்பது அவர் வாதம். துப்பாக்கி காட்டி மிரட்டியபோதும் அவர்கள் அசையவில்லை. இரவெல்லாம் காத்து நின்றனர். வெட்டுநர் திரும்பிப் போயினர். ஊரும் சங்கமும் இந்நிகழ்ச்சியை அறிந்தது அதன் பின்னரே.

பின்விளைவுகள்

அரசு அமைத்த வல்லுநர் குழு மகளிர் கூற்றை மெய்யென ஏற்றது. இரேணியிலும் அலகநந்தை மேற்பகுதி நீர்ப்பிடிப்பில் ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டர் பரப்பிலும் பத்தாண்டுகளுக்கு மரம் வெட்டத் தடை வந்தது. சங்கம் முகாம்கள் நடத்தி மொட்டைச் சரிவுகளில் மரக்கன்றுகளை நட்டது. 1982-ஆம் ஆண்டு பட் அவர்களுக்கு மகசேசே விருது கிடைத்தது.

எனினும் எல்லாம் இனிதே முடிந்ததாக எழுதுவது வரலாறாகாது. 1980-ஆம் ஆண்டு டுங்ரி-பைந்தோலி ஊரில், அரசு தருவதாகச் சொன்ன சாலை முதலிய வசதிகளுக்காகக் கருவாலிக் காட்டைக் கொடுக்க ஊர் ஆடவர் இசைந்தனர். பெண்கள் எதிர்த்துக் காட்டைக் காத்தனர். எதிரி வெளியூர்க் குத்தகைதாரர் மட்டுமல்லர் என்பது அன்று புலனாயிற்று. இன்னொரு புறம், 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் சாலைக்கும் குடிநீர்க்குழாய்க்கும் தடையாயிற்று என்று சினந்த மலைமக்களே 1988-89-இல் மரம் வெட்டும் போராட்டம் நடத்தினர். மக்கள் கேட்டது காட்டின்மேல் உரிமை. கிடைத்ததோ தில்லியின் கையில் மற்றுமொரு பூட்டு. இச்சினத்தை நன்றியின்மை என்று தள்ளிவிடுவது அறமாகாது.

இரேணியின் கதையும் தொடர்கிறது. அவ்வூர்க்கு அருகே அமைந்த இரிசிகங்கை நீர்மின் திட்டத்தின் வெடிவேலைகளை எதிர்த்து, 2019-ஆம் ஆண்டு ஊரார் உயர்நீதிமன்றம் சென்றனர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், மேலே உடைந்து வீழ்ந்த பாறையும் பனியும் வெள்ளமாகி அத்திட்டத்தையே அடித்துச் சென்றன. இறந்தோரும் காணாமற்போனோரும் 200-க்கு மேற்பட்டோர். அவ்வாண்டு சூனில் ஊருக்கருகே சாலை சரியவே, அங்கு நிறுவப்பட்டிருந்த கௌராதேவியின் சிலையைப் பெயர்த்துச் சோசிமடத்துக்கு எடுத்துச் சென்றனர்.