இஞ்சிச் சாரமும் கரியமில வாயுவும்

இஞ்சியின் காரத்திற்கும் மருத்துவ குணத்திற்கும் முக்கிய காரணமாக விளங்குவது ஜிஞ்சரால் என்னும் பொருளாகும். உலர்ந்த இஞ்சித் தூளை நீராவியால் வடித்தால் மணமுள்ள எண்ணெய் மட்டுமே கிடைக்கும். எளிதில் ஆவியாகாத ஜிஞ்சரால் சக்கையிலேயே தங்கிவிடும். ஆகவே அசிட்டோன் போன்ற, எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களால் அதனைப் பிரித்தெடுப்பது வழக்கம். பின்னர் அக்கரைப்பானை நீக்குவதற்கு வெப்பம் தேவைப்படுகிறது. வெப்பம் மிகுந்தாலோ, ஜிஞ்சரால் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் என்னும் வேறு பொருளாக மாறிவிடும்.

இக்குறைகளைக் கரியமில வாயு தவிர்க்கிறது. 31 டிகிரி சென்டிகிரேடுக்கும் 73 வாயுமண்டல அழுத்தத்திற்கும் மேற்பட்ட நிலையில் அது வாயுவைப் போலத் தூளினுள் ஊடுருவும். திரவத்தைப் போல ஜிஞ்சராலைக் கரைக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் சாரத்தை விட்டுப் பிரிந்து மீண்டும் வாயுவாகிவிடும். அவ்வாயுவைச் சேகரித்துத் திரும்பவும் பயன்படுத்தலாம். கரைப்பான் கலவாத சக்கையை எருவாக்கலாம்.

எனினும், இம்முறை எல்லா மூலிகைகளுக்கும் பொருந்துவதன்று. மஞ்சளிலுள்ள குர்குமின் இவ்வாயுவில் மிகச் சிறிதளவே கரையும். அதற்கு எத்தில் ஆல்கஹால் ஏற்றது. மேலும், உயர் அழுத்தக் கலங்கள் விலை மிக்கவை. வாயுவை அழுத்துவதற்கு மின்சாரமும் செலவாகும். ஆதலின் ஒரு முறையின் தூய்மையைக் கரைப்பானை மட்டும் கொண்டு தீர்மானித்தல் கூடாது; செலவாகும் சக்தியையும், எஞ்சும் சக்கையின் கதியையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.