வெள்ளம் வேணோ?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பேருந்து களியக்காவிளையைக் கடந்ததும் கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது. தென்னையும் வாழையும் மாறுவதில்லை. சற்று நேரத்தில் பாறசாலை வருகிறது. அங்குள்ள உணவகத்தில், "வெள்ளம் வேணோ?" என்று கேட்டால் வெளியூரில் வளர்ந்த தமிழ்ச் சிறுவன் திகைப்பான். அவன் அறிந்த வெள்ளம் ஆறு கரைபுரண்டு வருவது. மலையாளத்திலோ அது குடிநீர். குமரி மாவட்டத் தமிழர் பலரும் வீட்டில் அவ்வாறே சொல்வர். குவளையில் உள்ள நீர் இளஞ்சிவப்பாக இருப்பின் தயங்க வேண்டா. அது பதிமுகம் என்னும் மரத்தின் துண்டுகளை இட்டுக் காய்ச்சிய நீர். பயணத்தில் காய்ச்சிய நீரே நலம்.

அடுத்த பெரிய ஊர் நெய்யாற்றின்கரை. இப்பெயரின் பொருளறியத் தமிழ் மாணவர்க்கு அகராதி தேவையில்லை. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்களும் நெய்யாற்றின்கரை வட்டமும் முன்பு ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று முதல் நான்கும் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவினர், வீட்டை விட்டு நகராமலே இரு மாநிலத்தவர் ஆயினர். எல்லையோரச் சிற்றூர்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் குழந்தைகள் இன்றும் உள்ளனர். அவர்கள் நிலை இப்பாடத்தைப் படிப்போர்க்குப் புதிதன்று.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்துச் சரசுவதி திருவுருவம் இவ்வழியேதான் திருவனந்தபுரம் செல்கிறது. முதல் இரவு குழித்துறையிலும் மறு இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்கல்.

பயிற்சி: உங்கள் வீட்டுத் தமிழில் வழங்கி, நீங்கள் வாழும் ஊரின் மொழியில் வேறு பொருள் தரும் சொல் ஒன்றை எழுதுக.